ரோசக்காரன் கையில பதிமூணு சீட்டு

சீட்டு ஆடத் தெரிஞ்சவங்க நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் நிறையப் பேர் இருக்காங்க. சீட்டைக் கீழே வைக்கத் தெரிஞ்சவங்கதான் கம்மி. இந்தப் பதிவு அந்த ரெண்டாவது விஷயத்தைப் பத்தி.

முதல்லயே சொல்லிடறேன். ரம்மியில ஜெயிக்கறது எப்படின்னு சொல்லித் தர்ற பதிவு இல்லைங்க இது. அந்த ஆசையில வந்தவங்க ஒரு டீயைக் குடிச்சிட்டு அப்படியே கிளம்பிடலாம் :-) ஆட்டத்துக்கு நடுவுல கோவம் வந்தா மனுசன் என்ன ஆகறான், அதைக் கட்டி வைக்க என்ன வழிங்கறதுதான் மேட்டர்.

போக்கர் ஆடறவங்க இதுக்கு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க: டில்ட். பழைய பின்பால் மெஷின்ல இருந்து வந்த வார்த்தை. குண்டு நினைச்ச பக்கம் போகலைன்னு மெஷினைப் பிடிச்சு உலுக்கினா, அது அப்படியே பூட்டிக்கும். 'டில்ட்'னு விளக்கு எரியும். அதுக்கப்புறம் எந்தப் பட்டனை அமுக்கினாலும் வேலை செய்யாது. ஆளும் அப்படித்தான் பூட்டிக்கறான்னு அந்த வார்த்தையை எடுத்துக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல இதுக்கு ரோசம்னு பேரு. "ரோசத்துல ஆடறான்", "சூடாயிட்டான்", "வீம்புக்கு உட்கார்ந்திருக்கான்" - இப்படி எத்தனை தடவை கேட்டிருப்போம்! இதுல எல்லாத்துக்கும் தாய் வார்த்தை ஒண்ணு இருக்குது. 'விட்டதைப் பிடிக்கறேன்.' வீட்டை வித்தவன், தோட்டத்தை அடகு வெச்சவன் கதையைக் கேட்டுப் பாருங்க, இந்த வார்த்தை எங்கியாவது ஒரு இடத்துல வந்தே தீரும்.

போக்கர்ல கையில ரெண்டு ஏஸ் வர்றதுதான் ஆரம்பத்துல கிடைக்கக் கூடிய உச்சகட்ட சீட்டு. எதிராளிகிட்ட ரெண்டு ராஜா. ரெண்டு பேரும் முழுப் பணத்தையும் நடுவுல தள்ளிட்டாங்கன்னு வைங்க. ஏஸ்காரன் ஜெயிக்க 82 சதவீதம் வாய்ப்பு. அப்படின்னா 100 தடவைக்குக் கிட்டத்தட்ட 18 தடவை அவன் தோக்கறான். ஒரு தப்பும் பண்ணாமலே தோக்கறான். 'நான் சரியாத்தானே ஆடினேன், எனக்கேன் இப்படி?'னு ஒரு கேள்வி வரும் பாருங்க, ரோசம் பிறக்கற இடம் அதுதான். தப்பாட்டம் ஆடித் தோத்தவனுக்கு வர்றது வெட்கம், அது ஒரு ராத்திரியில போயிடும். சரியா ஆடித் தோத்தவனுக்கு வர்றது நியாயம் கேக்கற கோவம். சீட்டுக்கட்டுகிட்டப் போய் நியாயம் கேட்டா அது என்னத்தைச் சொல்லும்?

நம்ம ரம்மிக்கு வருவோம். விளையாடாதவங்களுக்காக சுருக்கமா: ரெண்டு கட்டு, ஆளுக்கு 13 சீட்டு, ஜோக்கர் இல்லாத ரம்மி ஒண்ணு கட்டாயம் சேரணும். சீட்டு மோசமா இருந்தா எடுக்காமலே ஸ்கூட் விட்டுடலாம், 20 பாயிண்ட் ஏறும். ஆட்டத்துக்கு நடுவுல விட்டா 40. கடைசி வரைக்கும் நின்னு ஒண்ணும் சேரலைன்னா ஃபுல் கவுண்ட், 80. 101 ஆட்டத்துல 101ஐத் தொட்டா அவுட்.

கணக்கு ரொம்ப எளிசு. வரிசையா அஞ்சு ஸ்கூட் விட்டாலும் 100தான், இன்னும் உசிரோட இருக்கீங்க. ஒரே ஒரு ஃபுல் வாங்கினா நாலு ஸ்கூட் போச்சு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு ஃபுல் வாங்கினவனை அடுத்த கையில கவனிச்சுப் பாருங்க. சீட்டு குப்பையா வந்திருக்கும். பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பாக்கற நமக்கே தெரியும், இது ஸ்கூட் சீட்டுன்னு. அவன் விட மாட்டான். "பாத்துக்கலாம்"னு ஒரு சீட்டை எடுப்பான். முடிஞ்சது கதை.

ஏன் விட மாட்டேங்கறான்? டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1979ல ஒரு கட்டுரை எழுதினாங்க. கானமனுக்கு 2002ல பொருளாதார நோபல் கிடைச்சதுக்கு இந்த ஆராய்ச்சிதான் முக்கியக் காரணம். சாரம் இதுதான்: லாபம்னு வந்தா மனுசன் கிடைச்சது போதும்னு நிச்சயமானதை எடுத்துக்குவான். நஷ்டம்னு வந்தா, நிச்சயமான சின்ன நஷ்டத்தை ஏத்துக்க மாட்டான். தப்பிக்க ஒரு சின்ன வாய்ப்பு இருந்தாலும் பெரிய நஷ்டத்துல போய் தலையைக் கொடுப்பான். அவங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டைப் பத்திக் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஆனா இதைப் படிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது ஸ்கூட்தான். 20 நிச்சய நஷ்டம். 80 வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ரோசக்காரன் எந்தப் பக்கம் போவான்னு நோபல் வாங்கித்தான் தெரிஞ்சுக்கணுமா என்ன :-)

இன்னொண்ணு. ரோசம்னா சத்தம் போடறது, சீட்டை விசிறி அடிக்கறதுன்னு நினைச்சுக்கறோம். அது சின்ன வகை. தருமபுத்திரனை எடுத்துக்கங்க. சபையில அவன் ஒரு சத்தம் போடலை. நாட்டை வெச்சான், தம்பிகளை வெச்சான், தன்னை வெச்சான், கடைசியில பாஞ்சாலியை வெச்சான். எல்லாம் அமைதியா, அடக்கமா, ஒவ்வொண்ணா. சத்தம் போடறவனை நாலு பேர் பிடிச்சு உட்கார வெச்சிடலாம். அமைதியா ஏத்திக்கிட்டே போறவனை யாரும் கவனிக்கறதில்லை. வள்ளுவர் வெகுளாமைக்கு 31வது அதிகாரத்தையும் சூதுக்கு 94வது அதிகாரத்தையும் கொடுத்திருக்கார். சூது அதிகாரத்தோட கடைசிக் குறள் பேசறது கோவத்தைப் பத்தி இல்லை, ஆசையைப் பத்தி. இழக்க இழக்க இன்னும் அதிகமாப் பிடிக்கும்கறார் மனுசன். விட்டதைப் பிடிக்கறதை ரெண்டாயிரம் வருசம் முன்னாடியே பிடிச்சுட்டார்.

எனக்கு சீட்டு சொல்லிக் கொடுத்தது என் மாமா. மில்லுல வேலை பாத்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணம்னா முந்தின ராத்திரி மண்டபத்து மாடி ரூம்ல பவானி ஜமக்காளம் விரிச்சு ஜமா கூடிடும். மாமா அதுல நிரந்தர உறுப்பினர். ஃபுல் வாங்கினா ஒரு வார்த்தை பேச மாட்டார். பாயிண்ட்டை எழுதச் சொல்லிட்டு எந்திரிச்சு, கீழே போய் மூஞ்சி கழுவி, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வருவார். அடுத்த கையை அவருக்குப் போட வேண்டாம்னு சொல்லிட்டே போவார், அதுக்கான 20ஐயும் ஏத்திக்கச் சொல்லிட்டு. ஒரு தடவை கேட்டேன், "ஏனுங் மாமா, அந்தக் கையில நல்ல சீட்டு வந்திருந்தா?" சிரிச்சார். "மாப்ள, சீட்டு நல்லா வரலாமுங்க. பாக்கற கண்ணு நல்லா இருக்கோணுமே?"

அந்தக் கண்ணுதான் விஷயம். ஆட்டின்ல 6ம் 8ம் வெச்சுக்கிட்டு 7க்குக் காத்திருக்கீங்கன்னு வைங்க. ரெண்டு கட்டுலயும் சேர்த்து மொத்தமே ரெண்டு சீட்டுதான். அந்த ரெண்டும் கீழே விழுந்திருச்சான்னு ஞாபகம் வெச்சிருக்கறதுதான் ஆட்டம். 6ம் 7ம் கையில இருந்தா 5, 8 எது வந்தாலும் சரி, நாலு சீட்டு. சூடான ஆளுக்கு இந்தக் கணக்கு முதல்ல அழியும். செத்துப் போன சீட்டுக்காக உட்கார்ந்து காத்துக்கிட்டிருப்பான்.

உச்ச நீதிமன்றம் 1967ல ஆந்திர வழக்கு ஒண்ணுல ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு சொன்னதுக்குக் காரணமும் இதுதான். விழற சீட்டை ஞாபகம் வைக்கணும், எதை வெச்சுக்கறது எதை விடறதுன்னு தெரியணும், அதனால இது மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லைன்னாங்க. ஒத்துக்கறேன். ஆனா அந்தத் திறமை குளிர்ந்த மண்டைக்குள்ளதான் இருக்குது. ரோசம் வந்த நிமிசமே அதே ரம்மி மூணு சீட்டா மாறிடுது. எந்தக் கோர்ட்டுலயும் இதை வாதாட முடியாது, ஆனா ஜமக்காளத்துல உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும்.

இப்ப கொஞ்சம் கனமான விஷயம்.

என் சித்தப்பா பையன் ஒருத்தன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. மண்டபத்து ஜமாவுல அவனை மாதிரி நிதானமா ஆடறவனை நான் பாத்ததில்லை. தயங்காம ஸ்கூட் விடுவான். அவன்தான் சில வருசம் முன்னாடி போன்ல ரம்மி ஆட ஆரம்பிச்சான். முதல் நாள் ஜெயிச்சிருக்கான். அப்புறம் ஒரு நாள் மூணாயிரம் விட்டிருக்கான். அந்த மூணாயிரத்தைப் பிடிக்கப் போய் சம்பளம், கடன் செயலி, கடைசியில சம்சாரத்தோட நகை. வீட்டுக்குத் தெரிஞ்சப்ப அடகு ரசீது மட்டும்தான் மிச்சம். ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம்ல உட்கார்ந்து ஆடியிருக்கான்.

ரொம்ப நாள் யோசிச்சேன். அதே ஆள், அதே திறமை, அதே ரம்மி. எது மாறிச்சு? சுத்தி இருந்த ரூம் மாறிடுச்சு. மண்டபத்துல எத்தனை பிரேக்கு இருக்குது பாருங்க. சீட்டைக் கலைச்சுப் போடவே ரெண்டு நிமிசம். "பந்தி போட்டாச்சு, வாங்க"ன்னு அத்தை வந்து கூப்பிடும். பாக்கெட்டுல இருக்கற காசு தீர்ந்தா பக்கத்து ஆள்கிட்டக் கேக்கணும், கேக்க வெட்கமா இருக்கும். முகூர்த்தத்துக்கு எந்திரிச்சே ஆகணும். போன்ல இது ஒண்ணுமே இல்லை. தோத்த அடுத்த நொடி அடுத்த கை. காசு தீர்ந்தா ஒரு தட்டுல பேங்குல இருந்து வந்துடும். வெட்கப்பட ஆள் இல்லை. நம்ம நிதானம்னு நாம நினைக்கறதுல பாதி சுத்தி இருக்கறவங்க போட்ட பிரேக்குங்க.

இந்த மாதிரி கதையில உசிரை விட்டவங்க தமிழ்நாட்டுல நிறையப் பேர். 2020 நவம்பர்ல அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்ட்ல உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணிச்சு. 2022ல நீதிபதி சந்துரு குழு, 2023 ஏப்ரல்ல புதுச் சட்டம், அதே வருசம் நவம்பர்ல ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியல்ல இருந்து கோர்ட் எடுத்துடுச்சு, ஆனா நேரம், வயசு மாதிரி கட்டுப்பாடு போடலாம்னு சொல்லிச்சு. 2025ல ராத்திரி 12ல இருந்து காலை 5 வரைக்கும் ஆடக் கூடாதுன்னு விதி வந்து, ஜூன்ல உயர் நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. எனக்கு இதுல பிடிச்சதே அந்த 12-5தான். அத்தை வந்து கூப்பிடற வேலையை அரசாங்கம் செஞ்சிருக்குது! அப்புறம் 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே இணையப் பண ஆட்டம் மொத்தத்தையும் தடை பண்ணிச் சட்டம் போட்டுடுச்சு, பெரிய செயலிகள் கடையை மூடினாங்க. திருட்டு வழி தேடறவங்க தேடத்தான் செய்யறாங்க. ஜமக்காளமும் இருக்குது. அதனால பிரேக்கை நாமளே மாட்டிக்கறதுதான் வழி.

நான் வெச்சிருக்கற பிரேக்குகள்:

1. விடறதுக்குன்னு ஒரு தொகை சட்டைப் பாக்கெட்டுல. பர்ஸும் போனும் வீட்டுக்காரம்மாகிட்ட. போதாதுன்னா ஆட்டம் முடிஞ்சதுன்னு அர்த்தம்.

2. எந்திரிக்கற நேரத்தை உட்கார்றதுக்கு முன்னாடியே நாலு பேர் காதுல விழற மாதிரி சொல்லிடறது. மானம் காவல் நிக்கும்.

3. ஃபுல் வாங்கினா அடுத்த கை இல்லை. மாமா பாணி. தண்ணி, மூஞ்சி கழுவறது, கொஞ்சம் நடை. எனக்குக் காதுதான் முதல்ல சூடாகும். உங்களுக்கு எதுன்னு கண்டுபிடிச்சு வெச்சுக்கங்க: தாடை இறுகறதோ, சீட்டை வேகமாப் போடறதோ.

4. கை முடிஞ்சதும் 'ஜெயிச்சனா'ன்னு கேக்காம 'சரியா ஆடினனா'ன்னு கேக்கறது. ரெண்டும் வேற வேற கேள்வி.

5. 'இவ்வளவு நேரம் வரலை, இனிமே வரும்'னு மனசு சொன்னா எந்திரிச்சிடறது. 1913ல மாண்டிகார்லோ சூதாட்ட விடுதியில சக்கரத்துல தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்துச்சு. இனி சிவப்புதான்னு கட்டினவங்க எல்லாம் துடைச்சுக்கிட்டுப் போனாங்க. சீட்டுக்கு ஞாபக சக்தி கிடையாது. நமக்குத்தான் இருக்குது.

சித்தப்பா பையன் கடனை வீட்டுல எல்லாருமா சேர்ந்து அடைச்சாச்சு. நகை இன்னும் முழுசா திரும்பலை. போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தான். மாடியில ஜமா கூடினப்ப யாரோ கூப்பிட்டாங்க. "இல்லைங்ணா, நீங்க ஆடுங்க"ன்னு சொல்லிட்டு பந்தியில பரிமாறப் போயிட்டான். அந்த ராத்திரி அங்க ஆடின யாரையும் விட நல்ல ஸ்கூட் அவன் விட்டதுதான்.

டிஸ்கி: உங்களுக்கோ, தெரிஞ்சவங்களுக்கோ விட்டதைப் பிடிக்கற வியாதி முத்தி, மனசு உடைஞ்ச நிலைமைன்னா 14416க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், இலவசம், எந்நேரமும் தமிழ்ல பேசலாம். கடனை அடைச்சுக்கலாமுங்க.