ஜுரம் தணிந்த பின்

குழந்தை வைத்தியத்தில் விசாரிப்பதே பிரதான வித்தை என்று நெடுநாளாக எனக்கிருந்த அபிப்பிராயத்தை, 2020-ஆம் வருஷம் கொரோனாவைப் பின்தொடர்ந்து வந்த அந்த நூதன வியாதி உறுதிப்படுத்திற்று. அவ்வருஷம் ஏப்ரலில் லண்டன் மருத்துவர்கள், அதுவரை ஆரோக்கியமாக இருந்த பிள்ளைகள் கடும் ஜுரத்தோடும் வீழ்ந்துவிட்ட ரத்த அழுத்தத்தோடும் வருவதைக் கண்டு எச்சரித்தார்கள்; சில மாதங்களில் எங்கள் வார்டுகளிலும் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்க்கலானோம்.

தொற்று வந்து, அநேகமாக யாரும் பொருட்படுத்தாத லேசான சளியாகவே கழிந்து, இரண்டு முதல் ஆறு வாரங்கள் சென்றபின், கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காப்புச் சக்தியே வரம்பு மீறி, ரத்தக்குழாய்களையும் குடலையும் இருதயத்தையும் அழற்சிக்கு உள்ளாக்குவதே இதன் சுபாவம். ஆகையால் மூக்கில் எடுக்கும் பரிசோதனை பல குழந்தைகளுக்கு 'இல்லை' என்றே வரும். "இந்த ஒண்ணு ஒண்ணரை மாசத்துலே வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்றால், தாயிடமிருந்து முதலில் வருவதும் "இல்லைங்க டாக்டர்" என்பதுதான்; பாட்டிக்கு வாசனை தெரியாமற்போனதும், அப்பா கடையைத் திறக்காமல் நாலு நாள் படுத்திருந்ததும், அவசரப்படாமல் உட்கார்ந்து கேட்பவருக்கே ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

விசாரணைக்கு அடுத்தது ஸ்பரிசம். வயிற்றுவலியும் வாந்தியும் மேலோங்கி நிற்பதால் குடல்வால் அழற்சியோ என்று ஐயுற நேர்கிற குழந்தையின் நகத்தை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்ப இரண்டு விநாடிக்கு மேலாகிறதா, நெற்றி கொதிக்கையில் பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று பார்ப்பதை நான் எந்த யந்திரத்துக்கும் பிற்பட்டதாகக் கருதுவதில்லை. எக்கோ பரீட்சையில் இருதயத்தின் தளர்ச்சி தெரியும். ஆனால் எக்கோ எடுக்கவேண்டும் என்று தோன்றச் செய்வது கைதான்.

கண்சிவப்பு, உதட்டு வெடிப்பு, தோல்தடிப்பு ஆகியவை, டோமிசாகு கவாசாகி 1961-இல் டோக்கியோவில் முதன்முதல் கண்டு 1967-இல் எழுதிவைத்த நோயை நினைவூட்டும். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரைப் பீடிப்பது. இதுவோ பள்ளி செல்லும் பிள்ளைகளையே மிகுதியும் நாடிற்று. சிகிச்சையில் கவாசாகி நோயில் பெற்ற அனுபவமே துணையாயிற்று. கிலோவுக்கு 2 கிராம் வீதம் இம்யூனோகுளோபுலின் என்றால், 25 கிலோ குழந்தைக்கு 50 கிராம். ஏழைக் குடும்பத்துக்கு அது தாங்கக்கூடிய விலையன்று. ஸ்டீராய்டு மட்டுமே பெற்ற குழந்தைகளும் ஏறக்குறைய அவ்வண்ணமே தேறினர் என்று 2021-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு எங்களுக்குப் பெரும் ஆறுதலாயிற்று. உரிய காலத்தில் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரின் இருதயம் சில வாரங்களிலேயே பழைய வலுவை அடைந்துவிடுகிறது.

இவ்வியாதி இன்று அரிதாகிவிட்டது, அற்றுப்போகவில்லை. சளி தீர்ந்து சில வாரங்களுக்குப்பின் மூன்று நாள் விடாத ஜுரமும், வயிற்றுவலியும், கண்சிவப்பும் சேர்ந்து கண்டால், பெற்றோர்களே, நான்காம் நாள்வரை காத்திராமல் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் அதற்குமுன் யார் யார் படுத்திருந்தார்கள் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.