இயந்திரம் தேர்ந்த கதை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவர் ஒருவர் எழுதியது)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது என் நண்பர்கள் பெரிய பெரிய தலைப்புகளைத் தேர்ந்துகொண்டார்கள். ஒருவன் விண்வெளிப் பயணம் என்றான். இன்னொருவன் பாரதி கண்ட பெண்மை என்றான். எனக்கோ எழுதுவதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. நீச்சல் குளத்தைத் துடைக்கும் தானியங்கி இயந்திரங்களுள் எது நல்லது என்பதே அது. சொன்னதும் வகுப்பே சிரித்தது. "உங்க வீட்டுல நீச்சல் குளம் இருக்காடா?" என்று ஒரு தோழன் கேட்டான். இல்லை, தோழர்களே. எங்கள் வீட்டுக்குக் குடிநீர்க் குழாயே தெருமுனையில்தான் இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் உலை வைப்பது ஒரு நீச்சல் குளந்தான்.

என் தந்தையார் மாமல்லபுரத்துக்கு அருகே கடற்கரையோரம் உள்ள ஒரு விடுதியில் குளம் சுத்தம் செய்பவர். அந்தக் குளம் தோண்டப்பட்டபோது மண் சுமக்கப் போனவர் அவர். வேலை முடிந்து மற்றவர்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட, குளத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அன்று தொடங்கியது இன்றுவரை நடக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் அவர் அதில் நீந்திக் குளித்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கே சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'ஓட்டல் பணி' என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது நானே சொல்லிவிடுகிறேன். வெட்கந்தான் காரணம்.

கடந்த கோடை விடுமுறையில் ஓர் இரவு அப்பா மஞ்சள் பையிலிருந்து மூன்று வழவழப்பான புத்தகங்களை எடுத்து என் முன் வைத்தார். மூன்றும் ஆங்கிலம். "மேனேஜர் குடுத்தார்டா தம்பி. குளத்துக்கு மிஷின் வாங்கப் போறாங்களாம். உங்க பையன் பிசிக்ஸ்தானே படிக்கிறான், மூணுல எது சரிப்படும்னு எழுதித் தரச் சொல்லுங்கன்னார்" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "அப்போ மிஷின் வந்துட்டா உங்கப்பாவுக்கு அங்க என்னடா வேலை?" அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. நான் கற்ற கல்வியை முதன்முதலாக ஒருவர் மதித்து வேலை தருகிறார். அந்த வேலையோ என் தந்தையின் வேலைக்கே உலை வைக்கக்கூடியது. என்னே விந்தை!

அந்தக் குளம் 15 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். சராசரி ஆழம் 1.3 மீட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 1,36,500 லிட்டர் தண்ணீர். விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவும் உதவிக்கு ஓர் அண்ணனும் இறங்குவார்கள். நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் உறிஞ்சும் தலையை மாட்டி, அதன் குழாயைப் பம்புக்குப் போகும் வாயில் செருகி, அடித்தளம் முழுவதும் தள்ளவேண்டும். விடுமுறைகளில் நானும் அந்தக் கம்பைப் பிடித்திருக்கிறேன். வேகமாகத் தள்ளினால் படிந்திருக்கும் தூசு புகைபோல எழும்பிவிடும். அது மீண்டும் படியும்வரை காத்திருக்கவேண்டும். ஆகையால் மெல்ல மெல்லத்தான் தள்ளவேண்டும். ஆறரை மணிக்கு விருந்தினர் வருவதற்குள் முடித்தாகவேண்டும்.

அன்றிரவு மூன்று புத்தகங்களையும் படித்தேன். புரியாத சொற்களைக் கைப்பேசியில் தேடினேன். அப்போதுதான் தெரிந்தது, மூன்று இயந்திரங்களும் நாம் வகுப்பில் படித்த மூன்று பாடங்கள் என்று.

முதலாவது, உறிஞ்சும் வகை. இதற்குத் தனி மோட்டார் கிடையாது. குளத்தின் பம்பு தண்ணீரை இழுக்கிறது அல்லவா? அந்த இழுவிசையிலேயே இது ஊர்ந்து போகிறது. உள்ளே ஒரு மடிப்பிதழ் நீரோட்டத்தைத் தடுத்துத் தடுத்து விடும்போது ஏற்படும் துடிப்புதான் இதற்குக் கால். இவ்வகையில் பெயர்பெற்ற ஒன்றை 1974-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஃபெர்டினாண்ட் சோவியே என்ற பொறியாளர் உருவாக்கினார். விலை மூன்றிலும் குறைவு. பழுதாவதற்கு உறுப்புகளும் குறைவு. ஆனால் உறிஞ்சிய அழுக்கெல்லாம் பம்பின் கூடைக்கும் குளத்தின் மணல் வடிகட்டிக்கும் போய்ச் சேரும்.

இரண்டாவது, அழுத்த வகை. வடிகட்டி முடிந்து குளத்துக்குத் திரும்பும் நீரை இது பயன்படுத்துகிறது. குறுகிய துளை வழியே நீர் விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலின் வழி வந்த தத்துவம் இது. வெஞ்சுரி குழாய் என்று நாம் ஆய்வகத்தில் காண்பதும் இதுவே. அந்தக் குறை அழுத்தம் இலைதழைகளை மேலே தூக்கி, இயந்திரத்தின் முதுகில் கட்டியுள்ள பையில் சேர்க்கிறது. பெரிய இலைகளுக்கு இதுவே ஏற்றது. ஆனால் பெரும்பாலும் இதற்குத் தனிக் குழாயும் கூடுதலாக ஒரு பம்பும் வேண்டும்.

மூன்றாவது, ரோபோ வகை. இது குளத்துப் பம்பை நம்பி இல்லை. கரையில் வைத்த மின்மாற்றிப் பெட்டியிலிருந்து 24 வோல்ட் நேர்மின்சாரம் கம்பி வழியே போகிறது. தனக்கென மோட்டார், தனக்கென வடிகட்டிக் கூடை. அடியில் இழுத்த நீரை மேற்புறமாக வெளியேற்றும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்விசை அதைத் தரையோடும் சுவரோடும் அழுத்திப் பிடிக்கிறது. அதனால் சுவரிலும் ஏறுகிறது. புத்தகத்தில் கண்ட ரோபோ 150 வாட்டில் இரண்டரை மணி நேரம் ஓடும். கணக்கிட்டால் அரை யூனிட்டுக்கும் குறைவு. விலையோ முதல் வகையைப்போல் ஆறு மடங்கு.

உண்மையைச் சொல்கிறேன். அன்றிரவு என் மனம் நேர்மையாக இல்லை. உறிஞ்சும் வகையையே பரிந்துரைத்துவிடலாம் என்று நினைத்தேன். விலை மலிவு, ஆகவே மேலாளர் மகிழ்வார். அதன் நீண்ட குழாய் சிக்கிக்கொள்ளும், மூலைகளை விட்டுவிடும், ஆகவே அப்பா பக்கத்திலேயே நிற்கவேண்டியிருக்கும். எங்கள் வீட்டு உலையும் அணையாது. 'உறிஞ்சும் வகையே ஏற்றது' என்று ஒரு தாளில் எழுதியும் விட்டேன்.

விடிவதற்குள் அப்பா எழுப்பினார். "புஸ்தகத்துல பாத்தது போதும்டா. குளத்தை வந்து பாரு" என்றார். மிதிவண்டியில் போனோம். அங்கே அவர் காட்டியவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதலில் தரையைக் காட்டினார். மாலைக் கடற்காற்று கொண்டுவந்த மாவுபோன்ற மணல் ஒரு மூலையில் படிந்திருந்தது. "இதெல்லாம் வடிகட்டிக்குத்தான் போவுது. வடிகட்டி அடைச்சுக்கும். பேக்வாஷ் பண்ணணும். ஒரு தரம் பண்ணா ஆயிரம் லிட்டர் சாக்கடைக்குப் போவும். வெயில் காலத்துல தண்ணியே லாரியிலதான் வருது. நீ சொல்ற உறிஞ்சுற மிஷினும் அங்கதானே தள்ளும்?" என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்து, நீர்மட்டத்தில் மிதப்பதை இழுக்கும் பக்கவாயைக் காட்டினார். அதை ஸ்கிம்மர் என்பார்கள். "இப்ப ரெண்டு மணி நேரம் குழாயை மாட்டறோம், கழட்டிடறோம். மிஷின் நாளெல்லாம் இதுலயே கிடந்தா மேல மிதக்கிற சருகை யாரு இழுப்பா?" இழுவிசை ஒன்றுதான். அதை இரண்டுக்கும் பங்கிட்டால் இரண்டும் குறையும். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பொருளைச் சொன்னார்.

"அப்போ அந்தப் பை கட்டின மிஷின்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அதுக்குத் தனிக் குழாய் வேணும்னியே. இந்தச் சுவத்துக்குள்ள அப்படி ஒண்ணு போடவே இல்ல. நான்தானே மண்ணு சுமந்தேன், எனக்குத் தெரியாதா? ஓட்டை உடைச்சுத்தான் போடணும். உடைச்சா கசியும்."

கடைசியாக, நீர்விளிம்பில் உள்ள ஓடுகளைக் காட்டினார். வெயிலுக்காக விருந்தினர் பூசிக்கொள்ளும் எண்ணெய் அங்கே ஒரு கோடாகப் படிந்திருந்தது. நாள்தோறும் அவர் மண்டியிட்டு அதைத் தேய்க்கிறார். "மூணாவது சுவத்துல ஏறும்னியே, இதுவரைக்கும் ஏறுமா?" என்று கேட்டார். சில வகை தரையோடு நின்றுவிடும், இது விளிம்புவரை ஏறும் என்றேன். ஒரு கணம் பேசாமல் தம் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "அப்போ அதையே எழுது" என்றார்.

"உன் வேலை போயிடுமேப்பா" என்றேன். "போனா வேற வேலை பாக்கலாம். பொய் எழுதினா, நாளைக்கு மேனேஜர் உன்னைப் பாத்து எப்படிடா கேப்பார்? படிச்ச பையன்னு சொல்லியில்ல கேட்டார்" என்றார். முந்தின இரவு எழுதிய தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதை அங்கேயே கிழித்தேன்.

இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். மணல், பேக்வாஷ், ஸ்கிம்மர், குழாய் இல்லாச் சுவர், எண்ணெய்க் கறை ஆகிய ஐந்து காரணங்களையும் வரிசையாகக் காட்டி, விளிம்புவரை ஏறும் ரோபோவே இக்குளத்துக்கு ஏற்றது என்றேன். ரோபோவின் குறைகளையும் மறைக்கவில்லை. சவுக்குத் தோப்பிலிருந்து பறந்து வரும் ஊசி இலைகள் அதன் கூடையை விரைவில் நிரப்பிவிடும். ஆகையால் முதலில் வலையால் வாரவேண்டும். ஆள் நீரில் இருக்கும்போது ஓட்டக்கூடாது. மின்பெட்டியைக் கரையிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளி நிழலில் வைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துக் கூடையைக் கழுவவேண்டும்.

இறுதியில் 'இயந்திரம் செய்யாதவை' என்று ஒரு பத்தி சேர்த்தேன். அதைக் கெஞ்சலாக எழுதவில்லை, வேதியியலாக எழுதினேன். இயந்திரம் அழுக்கைத்தான் எடுக்கும், கிருமியைக் கொல்லாது. கொல்வது குளோரின். நீரின் பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழப் பாதிதான் வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8-க்கு ஏறினால் கால் பங்குதான். ஆகவே நாள்தோறும் சோதித்துச் சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும். நீரின் நிறத்தைப் பார்த்தே "தண்ணி கனத்துப் போச்சு" என்று சொல்லக்கூடிய ஆள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார் என்றும் எழுதினேன்.

ஜூன் மாதம் ரோபோ வந்தது. அப்பாவின் வேலை போகவில்லை, மாறியது. காலையில் வலையால் வாருகிறார், இயந்திரத்தை இறக்குகிறார், கூடையைக் கழுவுகிறார். நாளுக்கு இரண்டு முறை சோதனைக் குப்பியில் நீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து, ஒரு நோட்டில் எண்களை எழுதுகிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் இப்போது தசமப் புள்ளி வைத்து எழுதுகிறார். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

இத்துடன் கதையை முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் இன்னொன்று இருக்கிறது. உதவிக்கு வந்துகொண்டிருந்த அந்த அண்ணனை விடுதியில் இப்போது அழைப்பதில்லை. கம்பு தள்ள இரண்டாம் ஆள் தேவையில்லை அல்லவா? அவர் இப்போது கட்டட வேலைக்குப் போகிறார். வழியில் பார்த்தால், "என்ன தம்பி, படிப்பு எப்படிப் போவுது?" என்று அன்போடுதான் கேட்கிறார். என் அறிக்கையில் ஐந்து காரணங்களை எழுதினேன். அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அப்பாவின் வேலையை எண்ணிக் கலங்கிய எனக்கு அவர் வேலை நினைவுக்கே வரவில்லை. அறிவியல் படிக்கும் நாம் இயந்திரங்களை ஒப்பிடும்போது விலை, மின்செலவு, திறன் என்று கட்டம் போடுகிறோம். யாருடைய கை ஓய்கிறது என்பதற்கும் ஒரு கட்டம் போடவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

எந்த இயந்திரம் நல்லது என்று யாராவது என்னைக் கேட்டால், எல்லாக் குளத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் என்னிடம் இல்லை. பெரிய இலை விழும் குளத்தில், தனிக் குழாயும் இருந்தால், அழுத்த வகை நல்லது. மணலும் சருகும் குறைந்த சிறு குளத்துக்கு உறிஞ்சும் வகையே போதும். அந்தந்தக் குளத்தை நாள்தோறும் துடைத்தவரை முதலில் கேளுங்கள் என்பேன். நான் படித்த இயற்பியல் அவர் அறிந்தவற்றுக்குப் பெயர்களைத் தந்தது. தேர்ந்தெடுத்தவர் அவர்.

இந்த ஆண்டு கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் மீண்டும் அதே கட்டம் வந்தது. 'நீச்சல் குளப் பராமரிப்பாளர்' என்று தெளிவாக எழுதினேன்.