வானத்துச் சமிக்ஞையும் காரைக்குடி வயரிங்கும்

மோட்டார் சைக்கிளில் வழிகாட்டும் கருவியைப் பொருத்திக்கொள்வது, கடையில் காசு கொடுத்ததோடு முடிந்துவிடும் காரியமாகவே பலராலும் கருதப்படுகிறது. காரைக்குடியின் செக்காலைச் சாலையிலும் கல்லூரிச் சாலையிலும் உள்ள இருசக்கர வாகனப் பட்டறைகளில் நின்று வேலையைக் கவனிப்பவருக்கோ, அக்கருவி ஆண்டுக்கணக்கில் உழைப்பதும் ஒரே மழையில் ஓய்ந்துபோவதும் அதை வண்டியோடு இணைக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கையில்தான் இருக்கிறது என்பது விரைவில் விளங்கிவிடும். ஆத்தங்குடி டைல்ஸையும் கண்டாங்கிச் சேலையையும் மரச் சிற்பத்தையும் செட்டிநாட்டின் கைத்தொழில்களாகப் போற்றுகிறவர்கள், வயரைச் சீவி முறுக்கிப் பற்றவைக்கும் இந்தக் கையின் நேர்த்தியையும் அவ்வரிசையில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தாம் இருக்கும் இடத்தையும் தம்மிடமுள்ள அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. அந்தச் சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும் கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்ததும் தன் இருப்பிடத்தைக் கண்டுகொள்கிறது. நான்காவது ஒன்று தேவைப்படுவதற்குக் காரணம், கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருப்பதே. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்திருந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்ட பிறகுதான், சில மீட்டர் அளவிலான துல்லியம் எல்லோருக்கும் கிடைத்தது. இதே வகையில் இந்தியா உருவாக்கிய நாவிக் அமைப்புக்கான முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 உள்நாட்டிலேயே உருவான ரூபிடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. மலைகளும் வானுயர்ந்த கட்டடங்களும் இல்லாத செட்டிநாட்டுச் செம்மண் வெளியில் இச்சமிக்ஞைகள் தடையின்றிக் கிடைப்பதோடு, அவற்றைப் பெறுவதற்குக் கட்டணமோ செல்போன் டவரோ தேவையில்லை. டவர் எட்டாத இடத்தில் காணாமற்போவது வரைபடம் மட்டுமே. அதை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருப்பவருக்கு அந்தக் குறையும் இல்லை.

வாங்குபவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. கார்மின் நிறுவனத்தின் ஸூமோ போன்றவை மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்டவை; கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும் திரையும், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.7 என்ற நீர்த்தடுப்புத் தரமும் கொண்ட இவற்றின் விலை பல பத்தாயிரங்களில் இருப்பதால், காரைக்குடியில் இவற்றை நாடுவோர் அரிது. பார்சல் கொண்டுசெல்லும் இளைஞர்களும் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகளும் கேட்பது, போனைத் தாங்கும் ஹோல்டரும் அதற்கு மின்சாரம் தரும் யு.எஸ்.பி. சார்ஜருமே. கூகுள் வரைபடத்தில் இருசக்கர வாகனத்துக்கான தனி வழிகாட்டல் 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதன்முதலில் அறிமுகமானது என்பதும் இந்த விருப்பத்தோடு பொருந்துகிறது. ஆயினும், இன்ஜின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி, போன் கேமராவின் நுண்ணிய அசைவு உறுப்புகளைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. போனை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர், அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை வீண்செலவு என்று எண்ணக் கூடாது.

பொருத்தும் வேலை சீட்டைக் கழற்றி, பேட்டரியை மீட்டரில் பார்ப்பதில் தொடங்குகிறது. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். சார்ஜரின் வேலை அதை 5 வோல்ட்டாக இறக்குவது. எந்த வயரிலிருந்து மின்சாரம் எடுப்பது என்ற முடிவில்தான் தேர்ந்த கையும் அரைகுறைக் கையும் பிரிகின்றன. பேட்டரியிலிருந்து நேராக இழுத்துவிடுவது சுலபம்; ஆனால் போன் மாட்டாத நேரத்திலும் சார்ஜர் சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், நூறு சி.சி. வண்டியின் சிறிய பேட்டரி சில நாட்களில் இறங்கிவிடும். பூர்விக வீட்டில் வண்டியைப் பூட்டிவைத்துவிட்டுத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்துபோகும் குடும்பங்கள் மிகுந்த இந்தப் பகுதியில் இது சிறிய தொல்லை அல்ல. ஹெட்லைட் வயரைத் தொடுவதிலும் ஆபத்து உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் அதற்கு மின்சாரம் நேராக மேக்னெட்டோவிலிருந்து மாறுதிசை மின்னோட்டமாக வருவதால், ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக வோல்ட் ஏறிச் சார்ஜரைக் கருக்கிவிடும். எனவே, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இக்னிஷன் வயரைத் தேட வேண்டும். ஒரு பல்பில் இரண்டு வயர்களை இணைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப்பே அதற்கான கருவி. "சாவிய ஆஃப் பண்ணிட்டு எரியுதான்னு பாருப்பா" என்று மேஸ்திரி சொல்ல, உதவிப் பையன் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்க்கிறான். பி.எஸ்.-6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, கார்புரேட்டரின் இடத்தைக் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்தும் முறை பிடித்த பிறகு இந்தத் தேடலில் கவனம் இன்னும் கூடியிருக்கிறது. சென்சார் வயர் ஒன்றைத் தவறிச் சீவினால், இன்ஜினே மக்கர் செய்யும்.

வயர் கிடைத்ததும், மின்சாரம் எடுக்கும் முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைக்கப்படுகிறது. ஷார்ட் ஏற்பட்டால் தான் உருகி மற்ற வயரிங்கைக் காப்பது அந்த மெல்லிய கம்பியின் வேலை. இணைப்பை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடுகிறவர்களும் உண்டு. சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வயர் வெளியே தெரிந்துவிடும் என்பதால், பொறுப்புள்ளவர்கள் ஈயப்பற்று வைத்து, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ஸ்லீவைப் போடுகிறார்கள். ஈயம் பற்றிய இடம் விறைத்துப்போய் அதன் ஓரத்தில் வயர் முறியக்கூடும் என்பதால், அந்த இணைப்பை அசைவில்லாத இடத்தில் சேஸிஸோடு கட்டிவைப்பதும் இத்தொழிலின் அறிவு. இறுதியாக, வயர் ஹேண்டில்பாருக்கு ஏறும் கழுத்துப் பகுதி: "ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்துட்டு அப்புறம் டேக் போடு" என்ற சொல் எந்தப் பட்டறையிலும் காதில் விழும். அங்கே தொய்வு குறைந்தால் வயர் இழுபட்டு அறும். கூடினால் ஃபோர்க்கில் சிக்கி நசுங்கும்.

இந்த அறிவு முழுவதும் குருவிடமிருந்து சீடனுக்குக் கைவழியே வந்தது. மறுபுறம், வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் எழுந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இதே ஊரில் பேட்டரி ஆய்வில் ஈடுபட்டிருக்கிறது. அதன் அறிவு ஒரு சிறு பயிற்சியாகவேனும் இந்தப் பட்டறைகளை எட்டுமானால், ஊருக்கே பெரிய உதவியாக இருக்கும்.

கருவி சரியாகப் பொருந்திய பிறகும் செட்டிநாடு அதற்கு ஒரு தனிச் சோதனை வைக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் நேர்த்தெருக்கள் கட்டம் கட்டமாக அமைந்திருக்க, பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. வரைபடத்தில் வீட்டுக்கான புள்ளி கூரையின் நடுவில் விழுந்திருந்தால், எந்தத் தெரு அதற்கு அருகில் இருக்கிறதோ அங்கே கருவி கொண்டுபோய் நிறுத்துகிறது. வந்தவர் பூட்டிய பின்வாசலைத் தட்டிவிட்டுத் தெருவைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. பிழை செயற்கைக்கோளுடையது அல்ல, புள்ளி வைத்த இடத்தினுடையது. கொத்தமங்கலம் என்ற பெயரில் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஊர் இருப்பதால், பெயரை மட்டும் அழுத்திவிட்டுக் கிளம்புவதும் சரிவராது. பார்சல் பையன்கள் ஊர் எல்லைவரை திரையை நம்பி வந்து, அதன்பின் குடும்பத்தின் முன்னெழுத்துகளான விலாசத்தைச் சொல்லி, "அண்ணே, இந்த வீட்டு முகப்பு எந்தத் தெரு?" என்று டீக்கடையில் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். 2018-இல் என்டார்க் ஸ்கூட்டரிலும், சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் மோட்டார் சைக்கிளிலும் போனோடு இணைந்து வழிகாட்டும் திரையைத் தாமே அமைத்துத் தரத் தொடங்கின. அத்தகைய வண்டிகள் பெருகினாலும், சாலையில் ஓடும் பழைய வண்டிகளுக்குப் பட்டறையே கதி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி வழிகாட்டலுக்கு மட்டும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. அதனால் ஸ்பீடோமீட்டரை மறைக்காமலும், கண்ணைச் சற்றே தாழ்த்தினால் தெரியும்படியும் ஹோல்டரை நிறுத்துவது சட்டம் சார்ந்த வேலையாகவும் ஆகியிருக்கிறது. கருவிக்கு ஆயிரக்கணக்கில் தருகிறவர்கள் இந்த வேலைக்கான கூலியில் பேரம் பேசுவது வருத்தத்துக்குரியது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப்பின் நட்டு இளகுவது இயல்பாகையால், நல்ல மேஸ்திரி வண்டியை மறுபடியும் கொண்டுவரச் சொல்லி, காசு வாங்காமல் அதை இறுக்கி, ஃப்யூஸையும் ஒருமுறை பார்த்துத் தருகிறார்.