பள்ளிக்கூடத்துச் சமாசாரம்

ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் அப்படி என்னதான் விசேஷம் இருந்துவிடப் போகிறது என்று நேயர்கள் நினைக்கலாம். மணி அடிக்கிறது, பிள்ளைகள் வருகிறார்கள். மறுபடியும் மணி அடிக்கிறது, பிள்ளைகள் போகிறார்கள். நடுவில் உபாத்தியாயர்கள் தொண்டை வறளக் கத்துகிறார்கள். இதில் பத்திரிகைக்கு எழுதும்படியான சமாசாரம் என்ன இருக்கிறது? கேள்வி நியாயமானதுதான். ஆனால், ஏறக்குறைய இருபது வருஷமாக ஓசூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளிலேயே காலம் தள்ளிவரும் நமக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துச் சமாசாரம் ஒன்று போகவேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கிறது என்பதைப் பலமுறை கண்ணால் பார்த்துவிட்டோம். அதனால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

நம் பள்ளியில் அறிவிப்புகளுக்கென்று ஒரு கரும்பலகை உண்டு. நடக்கப் போகும் காரியங்களை எல்லாம் டிராயிங் மாஸ்டர் அதில் கலர் சாக்கட்டியால் எழுதிவைப்பார். அரையாண்டுப் பரீட்சை எப்பொழுது, விளையாட்டு விழா எப்பொழுது, 2022-இல் சர்க்கார் ஆரம்பித்த கலைத் திருவிழாவுக்கு யார் யார் பெயர் கொடுக்கவேண்டும், பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். மூலையில் ஒரு ரோஜாப்பூவும் வரைந்துவிடுவார். (ஓசூர் ரோஜாவுக்குப் பேர்போன ஊர் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும்.) இந்தப் பலகையைத் தினம் படிக்கிறவர்கள் உபாத்தியாயர்களும் மாணவர்களுமே. பெற்றோர்களுக்கென்று எழுதப்பட்ட சமாசாரங்களைப் பெற்றோர்கள் படிக்கிறார்களா என்றால், அங்கேதான் சிக்கல்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1965-இல் தர்மபுரி ஜில்லாவுக்குப் போயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு வந்தது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஜில்லாதான் நகர்ந்துகொண்டிருந்தது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன் பின் லாரி செய்தார்கள், 1980-இல் மொபெட் செய்தார்கள், பிறகு கைக்கடிகாரம் செய்தார்கள். இப்பொழுது கைப்பேசியின் பாகங்களும் இந்தப் பக்கத்தில் தயாராகின்றன. 2019-இல் ஊர் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது.

தேசத்துக்கெல்லாம் மணி காட்டும் கடிகாரங்கள் இந்த ஊரில் உற்பத்தியாகின்றன. ஆனால் பள்ளிக்கூடமும் பெற்றோர்களும் ஒரே மணிக்குச் சந்திப்பது மட்டும் இங்கே முடியாத காரியமாக இருக்கிறது!

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளிகளுக்கு ஒரு மேலாண்மைக் குழு வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர்களாகவும், பாதிப் பங்கு பெண்களாகவும் இருக்கவேண்டும். சட்டம் மிக நல்ல சட்டம். ஆனால் கூட்டம் நடப்பது வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. நம் பள்ளிப் பிள்ளைகளின் தகப்பனார்களோ தொழிற்சாலை ஷிப்ட்டுக்கு உட்பட்டவர்கள். ஒருநாள் ஒரு தகப்பனார், சட்டைப்பையில் கம்பெனி அடையாளச் சீட்டு தொங்க, சாவகாசமாக வந்து நம்மிடம் கேட்டார்:

"சார், நீங்கள் மூன்று மணிக்குக் கூப்பிடுகிறீர்கள். முதல் ஷிப்ட்டுக்காரன் அப்பொழுதுதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். இரண்டாம் ஷிப்ட்டுக்காரன் உள்ளே இருக்கிறான். ராத்திரி ஷிப்ட்டுக்காரன் தூங்குகிறான். நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள், சார்?"

நாம் கலாசாலையில் பட்டம் பெற்றவர்கள். போதாததற்கு உபாத்தியாயர் பயிற்சியும் பெற்றவர்கள். இந்தக் கேள்விக்கு இரண்டு இடத்திலும் விடை சொல்லிக் கொடுக்கவில்லை.

மணி ஒருபுறம் இருக்க, பாஷை இன்னொரு புறம். எல்லை ஊர் என்றால் பாஷை ஒன்றாக இருக்குமா? தெலுங்கு பேசும் வீடுகள், கன்னடம் பேசும் வீடுகள், உருது பேசும் வீடுகள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்தப் பாஷைகளில் பாடம் நடத்தும் சர்க்கார் பள்ளிகளும் இந்த ஜில்லாவில் உண்டு. 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்கத் தொடங்கியதால், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியும். தாயாருக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. போதாக்குறைக்குத் தொழிற்சாலைகளையும் கட்டட வேலைகளையும் நம்பி பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு தாயார் சொன்னது நமக்கு மறக்கவில்லை.

"நோட்டீஸ் வந்தது, சாமி. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் இரண்டு பரீட்சையில் தேறவில்லை என்று எழுதியிருந்தால், அதை அவனே படித்துக் காட்டுவானா?"

பையன் என்ன படித்துக் காட்டினான் என்று விசாரித்தோம். "பள்ளிக்கூடத்துக்கு லீவு" என்று படித்துக் காட்டினானாம்! சிரித்துவிட்டோம், அந்த அம்மாளும் சிரித்தார்.

சிரிக்க முடியாத சங்கதி ஒன்றும் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்கார் திட்டத்தின் கீழ் ஒரு உபகாரச் சம்பளப் பரீட்சை உண்டு. 2008-இல் ஏற்பட்ட திட்டம். சர்க்கார் பள்ளியிலும், உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற, வருஷ வருமானம் மூன்றரை லட்ச ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் எழுதலாம். தேறிவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய். உத்தியோகஸ்தர் வீட்டில் இது ஒரு பெரிய தொகை அல்ல. ஒரு பெண்ணை மேலே படிக்கவைப்பதா, நிறுத்திவிடுவதா என்று யோசிக்கிற வீட்டில் இதுதான் தீர்ப்புச் சொல்லும் தொகை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இந்தச் சமாசாரம் பலகையில் ஏறியது. திங்கட்கிழமை கடைசி நாள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தியான ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். வருமானத்துக்கு அத்தாட்சி வேண்டும். தகப்பனாருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். அவள் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் தூங்குகிறார். அவர் எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது அவள் பள்ளியில் இருக்கிறாள். அவர் நள்ளிரவில் திரும்பும்போது அவள் தூங்குகிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்கு ஓவர்டைம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, தகப்பனும் மகளும் ஒரு வாரம் முழுவதும் விழித்த கண்ணோடு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கையெழுத்திட்ட காகிதத்தோடு அந்தக் குழந்தை வந்து நின்றது.

எழுதியிருந்தால் தேறியிருப்பாளா என்று கேட்கலாம். தேறாமலும் போயிருக்கலாம். ஆனால் தோற்பதற்குக்கூட ஒரு பரீட்சையை எழுதவேண்டும் அல்லவா?

இந்த ஜில்லாவில் பள்ளிக்கூடத்துப் பேச்சு வந்தால் ராஜாஜியின் பெயரும் கூடவே வரும். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-ஆம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி அவர் பிறந்த வீடு இன்று சர்க்கார் நினைவில்லமாக இருக்கிறது. தகப்பனார் அந்தக் கிராமத்து முன்சீப். குழந்தைக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஓசூருக்கு வந்தது. அங்கே, இப்பொழுது ஆர்.வி. அரசினர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி என்ற பெயரோடு நடக்கும் பள்ளியில் பையன் சேர்ந்தான். 1891-இல் மெட்ரிகுலேஷன் தேறி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போனான். இந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லி வருகிறோம். சொல்லும்போதெல்லாம் ஒன்று தோன்றும். முன்சீப் வீட்டில் எழுத்து இருந்தது. வாசிக்க அவகாசமும் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சமாசாரம் அந்த வீட்டைத் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. வீடே பள்ளிக்கூடத்தைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

அதே ராஜாஜி 1953-இல் முதன்மந்திரியாக இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் மட்டும் படிப்பு, மற்ற நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஷிப்ட் என்பது ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வருமுன்பே நம் ராஜ்யத்துப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்! எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. 1954-இல் காமராஜ் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டதே சரி என்பது நம் அபிப்பிராயம். நம் மாணவர்களின் தகப்பனார்கள் ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று ஆணி முடுக்குகிறார்கள். அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது?

நிற்க. சமாசாரத்தைப் பரப்பப் பழைய காலத்தில் தண்டோரா இருந்தது. ஒரு மனிதனைக் கழுத்தில் பறையை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகச் செய்வது இழிவு என்று 2022-இல் சர்க்கார் அதை நிறுத்தும்படி உத்தரவிட்டது. மிகவும் நல்ல காரியம். இப்பொழுது வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனால் கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடாத தொழிற்சாலைகள் உண்டு. வெளியே வந்து திறந்து பார்த்தால், காலை வணக்கப் படங்கள் முப்பதுக்கு அடியில் பள்ளிக்கூடத்து அறிவிப்பு புதைந்து கிடக்கும்.

நம் தலைமையாசிரியை அம்மாள் அதிகம் பேசாதவர். ஆண்டு விழாவுக்கு மட்டும் கூட்டம் எப்படி வருகிறது என்று ஒருநாள் கேட்டார். விழா நடப்பது மாலையில். அதுவும் குழந்தை மேடை ஏறுகிறது. மூன்றாம் ஷிப்ட்டுக்காரர்கள் வேலைக்குக் கிளம்புமுன் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முதல் ஷிப்ட்டுக்காரர்கள் குளித்துவிட்டு வருகிறார்கள். இரண்டாம் ஷிப்ட்டுக்காரர்கள்கூடச் சிலர் யாருடனோ ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "அப்படியானால் பெற்றோர் கூட்டத்தையும் அன்றைக்கே வைத்துவிடலாமே" என்றார் அம்மாள்.

அவ்விதமே செய்தோம். கோலாட்டத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில் ஒரு அரைமணி. உபகாரச் சம்பளப் பரீட்சை, பொதுப் பரீட்சை, பத்தாம் வகுப்புக்குப் பின் சேரவேண்டிய மேல்நிலைப் பள்ளி, எல்லாவற்றையும் தமிழில் நாம் சொன்னோம். தெலுங்கில் சத்துணவு அமைப்பாளர் அம்மாள் சொன்னார். கன்னடத்தில் கணக்கு உபாத்தியாயர். உருதுவில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ஹிந்தியில், பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே சொன்னான். அவனுக்குத்தான் அன்று கைதட்டல் அதிகம். வழக்கமாக மூன்று பெஞ்சுகூட நிறையாத கூட்டத்துக்கு அன்றைக்கு மைதானம் கொள்ளவில்லை. நாடகம் ஆரம்பிக்க நேரமாகிவிட்டதென்று குழந்தைகள்தான் அழுதார்கள்.

சக உபாத்தியாயர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இரவு எட்டரை மணிக்கு மேல் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறவேண்டிய உபாத்தியாயினிகள் ஆட்சேபித்ததில் முழு நியாயம் இருந்தது. அவர்களுக்கு மறுநாள் காலையில் ஒருமணி நேரம் சலுகை கொடுத்துச் சமாளித்தோம். ஆண்டு விழாவின் கௌரவம் போய்விட்டது என்று சொன்னவர்களுக்கு மட்டும் நாம் பதில் சொல்லவில்லை.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், நம் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பரீட்சை முடிவு வந்தபின் சமாசாரம் சொல்லிப் பயனில்லை. அதற்குள் வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். சர்க்கார் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரையில் படித்த பெண் காலேஜுக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற திட்டம் 2024-இல் வந்தது. வைத்தியப் படிப்பில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் என்று 2020-இல் சட்டம் ஆயிற்று. இவை எல்லாம் பலகையில் ஏறும். ஆனால் ஆள் சேர்க்கும் தரகர்களின் துண்டுப் பிரசுரம் நம் பலகையை முந்திக்கொள்கிறது. நாலு பாஷையில், வர்ணப் படத்தோடு, பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரையில் வந்துவிடுகிறது. தொழிற்சாலை வேலையை நாம் குறைவாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இன்று சொந்தச் சம்பாத்தியத்தில் வீட்டைத் தூக்கி நிறுத்துகிறார்கள். அந்த வேலைக்குப் போகிற பெண் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, இரண்டு காகிதத்தையும் படித்துப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் நம் கோரிக்கை. ஒரு காகிதம் மட்டும் வீடு தேடி வருவது தர்மமாகத் தோன்றவில்லை.

வருஷத்துக்கு ஒரு ஆண்டு விழா போதாதென்று, மாதாந்தரக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று பெற்றோர்களைக் கேட்டோம். தமக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை என்றார் ஒருவர். வெள்ளிக்கிழமை என்றார் இன்னொருவர். தோட்டத்தில் விடுமுறையே கிடையாது என்றார் ஒரு அம்மாள். ஆகவே தலைமையாசிரியை அம்மாள் வகுப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு குழந்தையும் தன் தகப்பனாரின் ஷிப்ட்டையும் விடுமுறை நாளையும் அதில் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் எழுதிவிட்டார்கள். மீதிப் பேர், அப்பாவைப் பார்க்கும்போது கேட்டுக்கொண்டு வந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.