கட்டற்றது வேறு, இலவசம் வேறு

லினக்ஸ் என்றால் என்ன என்று என் வயதுக்காரர்கள் கேட்டால், "காசில்லாமல் கிடைக்கிற விண்டோஸ்" என்று பேரப்பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. மறுபாதி எனக்குச் சட்டென்று புரிந்ததற்குக் காரணம், புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். பிரெஞ்சில் காசு வாங்காமல் கொடுத்தால் 'கிராத்துய்', கட்டு இல்லாமல் இருந்தால் 'லீப்ர்'. லினக்ஸ் இரண்டாவது வகை. தமிழிலும் 'கட்டற்ற மென்பொருள்' என்று சரியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள்.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது லினக்ஸ். அதன் உள்கட்டு எல்லோருக்கும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், வேறொரு கருவிக்குப் பொருத்தலாம். அதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றுத் திருப்பூரில் மகன் வீட்டோடு வந்தபோது, அவன் உபயோகித்துக் கழித்த ஒரு கையடக்கக் கணினியை எனக்குக் கொடுத்தான். உள்ளங்கை அளவு, குச்சியால் தொட்டு எழுத வேண்டும். பள்ளித் தோழர்கள், ஆபீஸ் நண்பர்கள் எல்லோருடைய விலாசத்தையும் போன் நம்பரையும் அதில் ஏற்றினேன். அந்தக் காலத்துக் கையடக்கக் கணினிகள் பலவற்றில் நாம் எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவகத்தில்தான் தங்கும். பேட்டரி முழுக்க இறங்கினால் எல்லாம் அழிந்துவிடும்.

2012ஆம் வருஷத்து மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும். பனியன் கம்பெனிகளே ஜெனரேட்டரில் ஓடிய காலம். என் கருவியின் கிழட்டு பேட்டரி அதைத் தாங்கவில்லை. மூன்று முறை பட்டியல் அழிந்தது, மூன்று முறையும் டைரியைப் பார்த்துத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு முறையும் பட்டியல் கொஞ்சம் குறைந்தது. இறந்துபோனவர்களின் நம்பரைத் திரும்ப ஏற்றுவதற்குக் கை வரவில்லை. ஏற்றாமல் விடுவதற்கும் மனசு வரவில்லை.

அதே மாடலில் லினக்ஸை ஏற்றினால் எழுதியதை நிரந்தர நினைவகத்தில் வைக்கலாம் என்று இணையத்தில் படித்தேன். ஆனால் அதன் கேபிள் பழைய சீரியல் வகை. புதுக் கம்ப்யூட்டர்களில் அதற்குத் துளையே கிடையாது. எங்கள் தெருவில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் தம்பியிடம் கேட்டேன். டிசைன் ஏற்றுவதற்காக அப்படி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழிக்காமல் வைத்திருந்தார். யூபிஎஸ்ஸும் இருந்தது.

வேலை இரண்டு கட்டம். முதலில், கருவி விழிக்கும்போது ஓடுகிற சின்ன நிரலை அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். அந்தச் சில விநாடிக்குள் மின்சாரம் நின்றால் கருவி திரும்ப எழாது. "கரன்ட் போச்சுன்னா அவ்வளவுதானுங்கய்யா, பண்ணட்டுங்களா?" என்று தம்பி இரண்டு தடவை கேட்டார். பண்ணுங்கள் என்றேன். அது முடிந்தபின் கேபிள் வழியாக முழு லினக்ஸையும் அனுப்பினோம். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு திரையில் ஆங்கில வரிகள் ஓடின, மேலே ஒரு பென்குவின் வந்து நின்றது. தம்பி தறி ஓட்டுகிற பையன்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

இதைப் பெரிய வித்தை என்று நான் சொல்ல மாட்டேன். நமக்குப் பக்கத்திலேயே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை லினக்ஸிலேயே உருவாக்கி, 2001இல் காட்டினார்கள். 206 மெகாஹெர்ட்ஸ் வேகம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வாசித்துச் சொல்ல வேண்டும், ஒன்றை வாங்கி ஊரே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அவரவர் விவரம் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்க வேண்டும், விலை 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை, செல்போன் முந்திக்கொண்டது. ஆனாலும் கம்பெனியின் கட்டுக்குள் அடங்காத மென்பொருளை ஏழைக்கான கருவியில் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்களே, அது சாதாரண விஷயமில்லை.

வெளிநாட்டில் கழித்த நிட்டிங் மெஷினை வாங்கிப் பிரித்துப் பார்த்து, இன்னும் இருபது வருஷம் ஓட்டுகிற ஊர் இது. திறந்து பார்க்க முடிகிற எதையும் திருப்பூர்க்காரன் சாக விடமாட்டான். கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க விடுகிற உரிமைக்குத்தான் லீப்ர் என்று பெயர். அந்தக் கருவிக்கு நான் ஒரு பைசா செலவு செய்யவில்லை என்பது உண்மைதான், ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

நான்காம் முறை பட்டியலை எழுதியபோது, போனவர்களின் பெயரையும் சேர்த்தே எழுதினேன், நம்பரோடு. அதன்பின் பேட்டரி எத்தனையோ தடவை இறங்கிவிட்டது. சார்ஜ் போட்டுத் திறந்தால் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள்.