ஒரே வம்சத்துக் கறை

குளியலறைத் தரையில் ஆசிடை ஊற்றிய மறுகணம் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை நுரை பொங்கிச் 'சுர்'ரென்று ஓர் ஓசை எழுகிறதே, அதைக் கேட்கும் எவருக்கும், நெடுநாள் அழுக்கு வெந்து வெளியேறுகிறது என்ற திருப்தி உண்டாவது சகஜம். எனக்கோ அந்த நுரை வெகுகாலமாக ஒரு விசாரத்தையே கொடுத்து வந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் புழங்கும் ஊர்களில் தரையில் படிந்து இறுகும் வெள்ளைக் கறை பெரும்பாலும் சுண்ணாம்பின் சந்ததி. அமிலம் பட்டதும் அது கரியமில வாயுவை விட்டுக் கரைந்துபோவது வாஸ்தவம். ஆனால், இரண்டு கற்களுக்கு நடுவே கொத்தனார் பூசிவைத்த சிமெண்டும், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சூளையிலிட்டுச் சுட்டு அரைத்ததனால் பிறந்த பொருள்தானே! கறையும் பூச்சும் ஒரே வம்சம். எது வேண்டாதது, எது வேண்டியது என்று பகுத்தறியும் சக்தி ஆசிடுக்குக் கிடையாது. ஊற்ற ஊற்றப் பூச்சு சொரசொரப்பாகி, அதன் நுண்துளைகள் பெருகி, முன்னிலும் சீக்கிரமாக அழுக்கை வாங்கிக்கொள்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் நிலை இன்னும் பரிதாபமானது. அது சூளையையே காணாத கல். கண்ணாடித் தட்டின்மேல் வர்ணக் கலவையை வார்த்து, மணலும் சிமெண்டும் சேர்த்து அழுத்தி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. அதன்மீது ஆசிட் பட்டால் இடுக்கு மாத்திரமன்று, பூவேலையும் மங்கிவிடும். பளிங்குக்கும் அதே கதிதான்.

எண்ணெய்ப் பிசுக்குக்கும் பூஞ்சைக் கறுப்புக்கும் அமிலம் உரிய மருந்தே அல்ல. அவற்றுள் பெரும்பகுதி சோப்பு நீருக்கும் பிரஷுக்கும் வசப்பட்டுவிடும். உப்புக் கறையும் துருவுமே அமிலத்துக்கு உரியவை. அங்கேயும், முதலில் இடுக்கைத் தண்ணீரால் நன்றாக நனைத்து அமிலம் உள்ளே இறங்காதபடி செய்து, ஜன்னலைத் திறந்து, கையில் ரப்பர் உறையும் கண்ணுக்குக் காப்பும் அணிந்து, அமிலத்தின்மேல் நீரை ஊற்றாமல் நீரிலே அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அந்தக் கலவையைக் கறையுள்ள இடத்தில் மட்டும் தடவி, சில நிமிஷங்களுக்குள் தேய்த்து ஏராளமான நீரால் அலசிவிடுகிறவரே அதைப் பிரயோகிக்கத் தகுந்தவர். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கிடைக்கும் வெள்ளைப் பொடி எனக்கு மிகவும் உவப்பானது. அதுவும் பூச்சை அரிக்கத்தான் செய்யும். ஆயினும், நிறுத்திக்கொள்ள நமக்கு அவகாசம் தந்து அரிக்கும்.

எலுமிச்சையின் இந்த அமிலத்தை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. ஸ்வீடன் தேசத்து மருந்துக்கடைகளில் ஊழியம் செய்து, பின்னர் ஒரு சிற்றூரில் தாமே கடை நடத்தி, 1786-ல் 43 வயதிலேயே காலமான இந்த மனிதரின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் பளபளக்கச் செய்யும் புளியில் இருக்கிறதே டார்டாரிக் அமிலம், அதைப் பிரித்தவரும் அவரே. மோரின் புளிப்பை இன்னதென்று கண்டவரும் அவரே. பிராணவாயுவை ஆங்கிலேய விஞ்ஞானி பிரீஸ்ட்லிக்கு முன்பே கண்டிருந்தும், புஸ்தகம் தாமதமாக வெளிவந்தமையால் அந்தக் கீர்த்தி பிறருக்குப் போயிற்று. தாம் ஆராய்ந்த வஸ்துக்களை நாவில் வைத்து ருசி பார்க்கும் பழக்கமும் அவருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். நமது குளியலறை ஆசிடும் அவருடைய மேஜைக்கு வந்து சேர்ந்தது. 1774-ல் அதை மாங்கனீஸ் தாதுவோடு சேர்த்தபோது, மூச்சை அடைக்கும் மஞ்சள் கலந்த பச்சை வாயு ஒன்று புறப்பட்டது. பூக்களையும் இலைகளையும் அது நிறமிழக்கச் செய்ததை ஷீலே கண்டார். அதுவே குளோரின். துணி வெளுக்கும் தொழிலுக்கு அது வந்து சேர்ந்ததும், 1915 ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்து ஈப்ர் நகரத்தருகே ஜெர்மானியப் படை அதைக் காற்றில் திறந்துவிட்டதும் பிற்காலத்து விஷயங்கள்.

அந்த வாயுவை ஓர் அறைக்குள் உற்பத்தி செய்ய ரஸாயன சாலை வேண்டியதில்லை. பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, அது போதாதென்று அதன்மேலேயே ஆசிடையும் ஊற்றினால் போதும். இரண்டும் சுத்தம் செய்வதற்கென்றே வாங்கியவை. இரண்டையும் சேர்த்தால் இருமடங்கு சுத்தமாகும் என்று எண்ணுவதும் இயற்கையே. அதனால்தான், கதவு சாத்திய சிறிய அறையில் வெறுங்கையோடு குனிந்து பிறர் வீட்டுத் தரையைத் தேய்க்கிற பணிப்பெண்களை நினைத்தால் என் நெஞ்சு பதறுகிறது. எந்தப் புட்டியை எதனோடு சேர்க்கலாகாது என்று அவர்களிடம் சொல்ல வேண்டியது வேலை வாங்குகிறவரின் கடமை. ஒரு ஜோடி கையுறை வாங்கித் தருவதும் அவர் கடமையே. 2013-ல் உச்ச நீதிமன்றம், வாங்குகிறவர் இன்னாரென்று பதிந்துகொள்ளாமல் ஆசிடைச் சில்லறையில் விற்கலாகாது என உத்தரவிட்டது, அதை மனிதர் முகத்தில் வீசுகிற கொடுமையை முன்னிட்டு. வீட்டுக்குள் வந்துவிட்ட புட்டிக்குக் காவல் நாம்தான்.

எவ்வளவு தேய்த்தும் வெளுக்காத இடுக்கை மேலும் மேலும் ஆசிடால் தண்டிப்பதில் பயனில்லை. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசித் தரும்படி கொத்தனாரிடம் சொல்லிவிடலாம்.