அலங்காரமில்லாத ஆலயங்கள்

தொழுகைக்கூடம் என்னும் சொல்லை நற்செய்தியில் நாம் அடிக்கடி கேட்கிறோம். இயேசு தாம் வளர்ந்த நாசரேத்தூரில் ஓய்வுநாளன்று ஏட்டுச்சுருளை விரித்து வாசித்தது ஒரு தொழுகைக்கூடத்தில்தான். ஆனால் அது எப்படியிருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

யூதரின் தொழுகைக்கூடத்தில் சிலைகள் இல்லை, சுரூபங்கள் இல்லை. திருச்சட்டச் சுருள்கள் வைக்கும் பேழை, அதன்முன் அணையாவிளக்கு, சுருளை விரித்து வாசிக்க ஒரு மேடை இருந்தால் போதும். இவற்றோடு இன்றியமையாத ஒன்று உண்டு. மரபுப்படி பொதுவழிபாடு நடக்க வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் கூடவேண்டும்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூதர்கள் பலர் குவிமாடமும் பொன்வண்ண வேலைப்பாடும் கொண்ட கூடங்களை எழுப்பினார்கள். முதல் உலகப்போருக்குப்பின் கட்டடக்கலை மாறியது. இரும்பும் கான்கிரீட்டும் வந்தன. ‘தேவையற்றதை நீக்குவதே அழகு’ என்று புதிய கலைஞர்கள் கருதினார்கள். உருவம் வேண்டாத சமயத்துக்கு இக்கலை இயல்பாகவே பொருந்தியது. ஜெர்மனியின் பிளாவன் நகரில் 1930-இல் ஃபிரிட்ஸ் லாண்டவர் என்ற யூதக் கலைஞர் வெண்ணிறப் பெட்டி போன்ற ஒரு கூடத்தை அமைத்தார். மறு ஆண்டே ஹாம்பர்க் நகரிலும் புதுப்பாணியில் ஒன்று எழுந்தது.

கொத்தனாரான என் தந்தையிடம் இதைச் சொன்னேன். அருகிலிருந்த பாட்டி, “கோபுரமில்லாம கோயிலா? நெல்லுக் கிட்டங்கி மாதிரியில்ல இருக்கும்!” என்றார். அப்பாவோ, “பூவேலை செஞ்சா கோணலை மறைச்சுடலாம்மா. மொட்டைச் சுவருதான் கொத்தனாருக்குச் சோதனை” என்றார். எளிமை என்பது எளிதன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

அந்த எளிய கூடங்கள் என்னவாயின? 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1938 நவம்பரில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தொழுகைக்கூடங்கள் தீக்கிரையாயின. பிளாவன் கூடமும் எரிந்தது. அதன் வயது எட்டே ஆண்டுகள்! ஹாம்பர்க் கட்டடம் தப்பியது. ஆனால் போருக்குப்பின் அது வானொலி நிலையத்தின் கலையரங்கமாயிற்று.

தோழியரே, இதே காலத்தில் நம் பாரதத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஜெர்மனியில் யூதர்கள் வேலையையும் உரிமையையும் இழந்துகொண்டிருந்தபோது, 1934-இல் அகமதாபாத்தில் ‘மாகேன் ஆபிரகாம்’ தொழுகைக்கூடம் எழுந்தது. ‘ஆபிரகாமின் கேடயம்’ என்பது அதன் பொருள். கட்டியவர்கள் பெனே இஸ்ரவேல் என்னும் இந்திய யூதர்கள். இவர்களின் முன்னோர் கொங்கணக் கரையில் செக்காட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை ஓய்வுநாள் என்று செக்கை நிறுத்திவிடுவதால் ‘சனிக்கிழமை எண்ணெய்க்காரர்’ என்றே ஊரார் அழைத்தார்களாம்!

இக்கூடம் ஜெர்மனியின் வெண்பெட்டியைப் போல முற்றும் துறந்த கோலமன்று. நேர்கோடுகளும் வடிவக்கணித உருவங்களும் விளங்கும் ‘ஆர்ட் டெகோ’ பாணி அது. உள்ளே பளிங்கும், தூண்களும், தொங்கும் விளக்குகளும் உண்டு. எதிரே பார்சிகளின் அக்கினி ஆலயம். தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் யாரும் அதற்குத் தீ வைக்கவில்லை. இது நம் நாடு பெருமைப்படவேண்டிய செய்தியல்லவா?

ஆயினும் ஒரு கவலை உண்டு. 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானபின் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர். அகமதாபாத்தில் இன்று எஞ்சியிருப்போர் நூற்றுச் சொச்சம் பேர்தாம். அங்கே சுவர்கள் இருந்தும் ஆட்கள் குறைகிறார்கள். சுவருக்கு உயிர் கொடுப்பவர்கள் உள்ளே கூடுகிறவர்களே என்பது இப்போது புரிகிறது.

என்றேனும் ஒரு சனிக்கிழமை அகமதாபாத் செல்ல வாய்ப்புக் கிடைத்தால், அக்கூடத்தின் எதிரே சற்று நிற்பேன். உள்ளே செல்வோரை ஒவ்வொருவராக எண்ணுவேன். பத்தாமவரும் வந்து சேரவேண்டும் என்று மனத்துக்குள் மன்றாடுவேன்.

– பத்தாம் வகுப்பு மாணவி, நத்தம்